மூவாயிரம் ரூபாயும் இடது காதும்

1

வெளிநாடு கிளம்புகிறவர்கள் என்னிடம் புத்தி கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். கடையில் கார்டை நீட்டும்போது, "உங்கள் நாட்டுப் பணத்தில் போடட்டுமா, எங்கள் பணத்தில் போடட்டுமா?" என்று கேட்பார்கள். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கேட்பார்கள். "உன் பணத்திலேயே போடு" என்று சொல்லிவிடுங்கள். இந்தப் புத்தியை நான் ஒரு காது கொடுத்து வாங்கினேன். என் காது இல்லை. என் தங்கை காந்திமதியின் புருஷன் ஆவுடையப்பனுடைய இடது காது.

நான் சிங்கப்பூருக்கு வந்து இந்த மாதத்தோடு பதினைந்து வருஷம் ஆகிறது. கப்பல் பட்டறையில் போர்மேன் வேலை. பதினைந்து வருஷ அனுபவத்தை ஊர்க்காரர்கள் படிக்க எழுதித் தாருங்கள் என்று பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். சுத்தமான ரோடு, நேரத்துக்கு வருகிற ரயில், தைப்பூசக் காவடி என்று நான் எழுதுவேன் என நினைத்திருப்பார். பாவம், அவர் கேட்டது வேறு, அவருக்குக் கிடைக்கப்போவது வேறு.

2

இந்த வருஷத் தொடக்கத்தில் கம்பெனி என்னை மூன்று வாரப் பயிற்சிக்கு வட அயர்லாந்துக்கு அனுப்பியது. கப்பலுக்குப் பம்பு செய்கிற தொழிற்சாலை. குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. திரும்புவதற்கு முந்தின நாள் மகள் நித்யாவுக்கு ஒரு கோட்டு வாங்கப் போனேன். சிங்கப்பூர் வெயிலுக்குக் கோட்டு எதற்கு என்று கேட்காதீர்கள். பதினைந்து வயசுப் பிள்ளை கேட்டது, வாங்கினேன். அவள் என்னிடம் எதையாவது கேட்டே ரொம்ப நாளாகியிருந்தது.

நூற்று இருபது பவுண்டு. கார்டை நீட்டினேன். கல்லாவில் இருந்த பெண் மெஷினைப் பார்த்துவிட்டு, "இது சிங்கப்பூர் கார்டு. சிங்கப்பூர் டாலரிலேயே போட்டுத் தரட்டுமா? எவ்வளவு ஆகிறது என்று உங்களுக்கு இங்கேயே தெரிந்துவிடும்" என்றாள்.

டாலரை நாங்கள் இங்கே வெள்ளி என்போம். மூன்று வாரமாக டீ குடித்தாலும் பஸ் ஏறினாலும் பவுண்டை வெள்ளியாக்கி, வெள்ளியை ரூபாயாக்கி எனக்கு மண்டை காய்ந்து போயிருந்தது. வழி தெரியாத ஊரில் ஒருவன் தமிழில் கூப்பிட்டது போல மனசு குளிர்ந்துவிட்டது. "போடுங்கள்" என்றேன். சீட்டில் கையெழுத்துப் போட்டேன். அதில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. படிக்கவில்லை. கேடுகெட்டவன், நன்றி வேறு சொன்னேன்.

3

அடுத்த மாதம் கார்டுக் கணக்கு வந்தது. அதே நாளில் நான் சாப்பிட்ட ஓட்டலில் பவுண்டிலேயே போட்டிருந்தார்கள். அந்த வரியையும் கோட்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நித்யா கால்குலேட்டரைத் தட்டினாள்.

"ரெண்டுக்கும் ஒரே ரேட்டு இல்லப்பா. கோட்டுக்கு மட்டும் பன்னிரண்டு வெள்ளி கூட எடுத்திருக்காங்க."

பன்னிரண்டு வெள்ளி எனக்கு ஒரு காசே இல்லை. ஆனால் ஒருத்தன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று தெரிந்தால் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். கார்டுக்காரர்களைக் கூப்பிட்டேன். பாட்டுப் போட்டார்கள். ஒருத்தர் எடுத்து இன்னொருத்தரிடம் தள்ளிவிட்டார், அவர் மறுபடியும் பாட்டுக்குத் தள்ளிவிட்டார். மூன்றாவதாக வந்தவர் நிதானமாகச் சொன்னார்: "நாங்கள் மாற்றவில்லை சார். கடை மாற்றியிருக்கிறது. எங்களுக்கு வந்ததே வெள்ளிக் கணக்கில்தான் வந்தது. கடை சொன்ன விலைக்கு நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்."

பதினைந்து வருஷமாக ஆங்கிலத்தில் கோபப்படப் பழகியிருக்கிறேன். அன்றைக்கு அது கைகொடுக்கவில்லை. "ஏலே, எவம்லே சம்மதிச்சான்?" என்று கத்திவிட்டு, ரிசீவரை மேஜை விளிம்பில் அடித்தேன். ஒரு அடியில் விரிசல், இரண்டாவது அடியில் மூடி கழன்று உள்ளே இருந்த ஒயர் தொங்கியது. மூன்றாவது அடியும் அடித்தேன்.

நித்யா சுவரோடு ஒட்டி நின்றாள். கடைச் சீட்டு அவள் கையில் இருந்தது. அதை வாங்கக் கையை நீட்டினேன், அவ்வளவுதான். அவள் இரண்டு கைகளாலும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

இவளை நான் அடித்தது இரண்டே தடவை. நாலு வருஷத்துக்கு முன்னால். அதற்கப்புறம் ஒரு நாள் அவளுடைய பென்சில் டப்பாவின் மூடிக்குள் ஒரு தொலைபேசி எண் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். வீட்டில் யாராவது அடித்தால் கூப்பிடு என்று பள்ளிக்கூடத்தில் கொடுத்ததாம். அன்றிலிருந்து அவள்மேல் கை வைத்ததில்லை. திருந்திவிட்டதாக எனக்குள்ளே ஒரு பெருமைகூட உண்டு. அவளுடைய கைகளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

காதைப் பொத்திக்கொண்டே சொன்னாள்: "கடைக்காரங்களே மாத்திட்டாங்கப்பா. நீங்க சரின்னு சொல்லிட்டீங்க. அவ்வளவுதான்."

இதே வார்த்தையை இதற்கு முன்னால் ஒருத்தர் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன்னால், சீவலப்பேரி பக்கம் ஆற்றங்கரையில், எங்கள் குடும்பத்துச் சாஸ்தா கோயிலில். சொல்லி முடிப்பதற்குள் நான் அவரை அடித்துவிட்டேன்.

4

எங்கள் வீட்டில் கோபம் வந்தால் கை முந்தும், வாய் பிந்தும். அப்பாவுக்கு நிலம் இருந்த காலத்தில், மடை திறக்க நேரமாகிவிட்டது என்று ஒரு ஆளைச் செவிட்டில் அறைந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆள் வாய்க்காலில் குனிந்து வாயைக் கொப்பளித்தார். தண்ணீர் சிவப்பாகப் போனது. பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனார். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அடித்தவன் வீட்டுப் பிள்ளைக்கு அப்படித்தான் தெரியும்.

நிலமெல்லாம் போய், அப்பாவும் போய், காந்திமதியை ஆவுடையப்பனுக்குக் கட்டிக் கொடுத்தோம். ஜங்ஷனிலிருந்து சீவலப்பேரிக்கு ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். பத்துப் பைசா பாக்கியைக்கூட மறு நடையில் ஆளைத் தேடிக் கொடுப்பார் என்று அந்தத் தடத்துப் பெண்கள் சொல்வார்கள். எங்கள் சொந்தத்தில் மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை. கண்டக்டருக்குப் பெண் கொடுத்தது எங்களுக்குக் கொஞ்சம் இளப்பம்தான். எனக்கும்தான்.

அவர்கள் மகள் வடிவுக்கு மூன்று வயசில் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் என்று இருப்பது நான் ஒருத்தன். தோடு, சங்கிலி, கொலுசு, பட்டுப்பாவாடை என்று சீர் முழுவதும் என் பொறுப்பு. லீவு போட்டு வந்தேன். வந்த அன்றே எனக்கு ஆழ்வார்திருநகரியில் ஒரு வேலை இருந்ததால், ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியை ஒரு கவரில் போட்டு மாப்பிள்ளை கையில் கொடுத்து, "மாத்தி, எல்லாத்தையும் வாங்கிரும்வே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

காது குத்து அன்று காலையில் கோயிலில் வைத்து அவர் பில்லையும் மீதிப் பணத்தையும் கொடுத்தார். நான் விமானம் ஏறுவதற்கு முன்னால் சிராங்கூன் சாலையில் பணம் மாற்றுகிற கடையின் பலகையைப் பார்த்துவிட்டு வந்தவன். மனக்கணக்குப் போட்டேன். வெள்ளிக்கு இரண்டு ரூபாய் வீதம், மூவாயிரம் ரூபாய் இடித்தது.

"மாப்ள, மூவாயிரம் குறையுதே."

"பேங்குக்குப் போவலாம்னுதான் இருந்தேன் மச்சான். எதுக்கு அலையுதீய, வெள்ளியாவே குடுங்க, நாங்களே கணக்குப் போட்டுக்கிடுதோம்னு நகைக்கடைக்காரரு சொன்னாரு. லேசா முடிஞ்சிருதேன்னு குடுத்துட்டேன்."

"அவரு என்ன வெலைக்கு எடுத்தாரு? சீட்டு எங்க?"

"நகைக்குத்தான் பில்லு போட்டாரு. வெள்ளிக்குச் சீட்டு தரல்ல."

பக்கத்தில் பெரியப்பா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் வாய் சும்மா இருக்காது. "கண்டக்டர் பையில்லா, சில்லற தங்கத்தாம்லே செய்யும்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் முகம் கறுத்துவிட்டது. களவாணியின் முகம் அப்படித்தான் கறுக்கும் என்று நான் முடிவு கட்டினேன். அவமானப்பட்டவன் முகமும் அப்படித்தான் கறுக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

"ஏலே, யார் வீட்டுத் துட்டு?" என்றேன்.

"கடைக்காரரே மாத்திக்கிட்டாரு மச்சான், நான் சரின்னு..."

அறைந்தேன். உள்ளங்கை முழுசும் விரிந்து, என் உடம்பு எடை முழுவதும் சேர்ந்து, அவருடைய இடது காதில் விழுந்தது. பலகையைக் கீழே போட்ட மாதிரி சத்தம். அவர் சுழன்று பொங்கல் அடுப்பின்மேல் விழுந்தார். செங்கல் சரிந்தது, பானை உருண்டு கொதிக்கிற சோறு அவர் காலில் கொட்டியது. எழுந்திருக்கப் பார்த்தவரை இடுப்பில் மிதித்தேன். சட்டையைப் பிடித்துத் தூக்கினேன், சட்டை கிழிந்தது, பையிலிருந்து அவருடைய விசில் மணலில் விழுந்தது. மறுபடியும் அதே காதில் அடித்தேன். பெண்கள் கதறினார்கள். என்னைப் பிடித்து இழுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

அவர் திருப்பி அடிக்கவில்லை. இதை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். அவர் ஒண்டியாகப் பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிற ஆள். ஒரு தள்ளு தள்ளியிருந்தால் நான் ஆற்றில் கிடந்திருப்பேன். பொண்டாட்டியின் அண்ணன், பிள்ளையின் தாய்மாமன், அன்றைக்கு அந்த மடி வேண்டும் என்று பொறுத்துக்கொண்டார். நானோ, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, அதனால்தான் கை எழவில்லை என்று நினைத்தேன்.

காந்திமதி அழவில்லை. புருஷனை எழுப்பி வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, ஒரு துண்டைச் சுருட்டிக் காதில் கொடுத்தாள். பிறகு வடிவைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"நேரம் போவுது. ஒக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். பிள்ளையை என் மடியில் வைத்தாள். ஆசாரி தங்கக் கம்பியால் குத்தினார். பிள்ளை வீறிட்டு என் மார்பிலேயே முகத்தைப் புதைத்தது. அதன் காதிலிருந்து என் வேட்டியில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. எதிரே மரத்தடியில் அதன் அப்பாவின் துண்டு சிவப்பாகிக்கொண்டிருந்தது. பந்தியில் காந்திமதி எனக்குத்தான் முதல் இலை போட்டாள். நான் சாப்பிட்டேன். அடித்ததைவிட அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது அதிகம் கூசுகிறது.

5

மறுநாளே அந்த நகைக்கடைக்குப் போய் விசாரித்தேன். கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். "வெளிநாட்டு நோட்டா? நாங்க தொடுததே இல்லையே அண்ணாச்சி. ஒங்க மாப்பிள்ள ரூவாயாத்தான் கொண்டாந்தாரு" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. மாப்பிள்ளைதான் பணத்தை எடுத்தார் என்று சொந்தக்காரர் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். நான் சொன்னதால் அது கோர்ட் தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது. சிங்கப்பூர்க்காரன் சொல்லுக்கு அன்றைக்கு ஊரில் நல்ல விலை.

மாப்பிள்ளைக்குக் காதுக்குள் ஜவ்வு கிழிந்து, சீழ் வைத்து, கடைசியில் அந்தப் பக்கம் சுத்தமாகக் கேட்காமல் போய்விட்டது. ஓடுகிற பஸ்ஸில் இடது பக்கமிருந்து "எறக்கம், எறக்கம்" என்று கத்தினால் அவருக்குத் தெரியாது. வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தியை இரண்டு நிறுத்தம் தாண்டி வெயிலில் இறக்கிவிட்டாராம். முதலாளி அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி ஷெட்டில் போட்டார். சம்பளம் பாதி. சில்லறை திருடினவன் என்ற பெயர் முழுசு.

6

நித்யா காதைப் பொத்திய மறுநாள், பட்டறையில் என்னோடு வேலை செய்யும் காதர் அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். மேலப்பாளையத்துக்காரர், என்னைவிட மூத்தவர். அயர்லாந்து கோட்டில் ஆரம்பித்து, பேச்சு எப்படியோ அந்த நகைக்கடையில் போய் நின்றது. கடை இருக்கிற தெருவைச் சொன்னவுடன் அவர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார்.

"அந்தக் கடையா? அவன் வெள்ளி, திர்ஹம், ரியால் எல்லாம் வாங்குவானே. வெள்ளிக்கு ரெண்டு ரூவா கொறைப்பான். நான் எம் மவ நிக்காஹுக்கு அவங்கிட்டதான் குடுத்து ஏமாந்தேன். வெளிநாட்டுல இருக்குத சபுராளி வீட்டுக்கெல்லாம் தெரியுமே."

"நான் போய்க் கேட்டனே அண்ணாச்சி. தொட்டதே இல்லைன்னு சொன்னானே."

"நீரு போலீஸ்காரன் மாதிரி போய் நின்னு கேட்டா ஒத்துக்கிடுவானா? வெளிநாட்டு நோட்டு வாங்குனேன்னு சொன்னா உள்ளல்லா போவான்." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏன்வே, யாரையும் ஏதும் சொல்லிட்டீரா?"

வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்த இடம். பக்கத்திலிருந்த இரும்புத் தூணில் கையைக் குத்தினேன். இரண்டு விரலில் எலும்பு விரிசல் விட்டது. எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால், அந்த அயர்லாந்துப் பெண் பொடி எழுத்தில் சீட்டுக் கொடுத்தாள், எங்கள் ஊர்க்காரர் கும்பிடு கொடுத்தார். மற்றபடி தொழில் ஒன்றுதான். அலைச்சல் மிச்சம் என்று ஆவுடையப்பன் தலையாட்டினார். மண்டை காய்கிறது என்று நான் தலையாட்டினேன். என் காதில் யாரும் அறையவில்லை.

7

வருஷத்துக்கு இரண்டு தடவை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும், காந்திமதிக்குப் போன் பண்ணுவேன். அவர்கள் வீட்டுக்கே இப்போது போன் வந்துவிட்டது. கடைசியில் முறைக்காக அவள் மாப்பிள்ளையிடம் கொடுப்பாள். "நல்லா இருக்கீரா?" என்பேன். "சரி மச்சான்" என்பார். "உடம்பைப் பாத்துக்கிடும்" என்பேன். "சரி மச்சான்." மனுஷன் மறந்துவிட்டார், பெரிய மனசு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், கட்டுப்போட்ட கையோடு, புதிதாக வாங்கின போனில், பண்டிகை எதுவும் இல்லாமல் கூப்பிட்டேன். காந்திமதி பயந்துபோய் எடுத்தாள்.

"ஒண்ணுமில்ல. மாப்பிள்ளைட்ட குடு."

அவர் வந்தார். பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டு, கார்டு, காதர் அண்ணாச்சி, நகைக்கடைக்காரன். "அன்னைக்கு நீரு சொன்னது நெசம்வே மாப்ள. நீரு ஒத்தப் பைசா எடுக்கல. ஒம்ம வாயத் தொறக்கவிடாம அடிச்சேன். கொலகாரன் மாதிரி அடிச்சேன். ஊர்ல போய் ஒவ்வொருத்தங்கிட்டயும் நான் சொல்லுதேன். என்ன மன்னிச்சிரும்." என் வாழ்க்கையில் யாரிடமும் நான் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நித்யா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இருக்கிறாள் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

பதிலுக்காக ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சரி மச்சான்" என்றார்.

அதே குரல். தீபாவளிக்குச் சொல்கிற அதே சரி மச்சான். ரிசீவர் கை மாறியது. காந்திமதி வந்தாள்.

"என்னட்டீ, வேற ஒண்ணுமே சொல்லமாட்டேங்காரு?"

அவள் குழந்தைக்குச் சொல்வது போலப் பைய சொன்னாள். "அவுக இடது காதுலல்லா வச்சிருந்தாவ."

எனக்கு முதலில் பிடிபடவில்லை. "அதுல கேக்காதே."

"ஆமா. கேக்காது."

"மறந்து வச்சிட்டாரா?"

"இல்ல. மத்த யார் பேசுனாலும் வலது காதுலதான் வைப்பாவ. நீ பேசும்போது மட்டும் இதுல வைப்பாவ. போன் வந்த நாள்லேர்ந்து அப்படித்தான். கொஞ்சம் நேரம் விட்டு, பேச்சு நின்னிருக்கும்னு தோணுனா, சரி மச்சாம்பாவ."

"காந்தி, வலது பக்கம் மாத்தி வைக்கச் சொல்லு. ஒரே ஒரு தடவ."

"நான் சொல்லமாட்டேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அன்னைக்கு நீ சொன்ன வேலைக்கெல்லாம் ஓடுனாவ, அடியும் வாங்குனாவ. எந்தக் காதுல வைக்கணும்ங்கது அவுக இஷ்டம்."

வைத்துவிட்டாள். அந்தச் சரி மச்சானை மன்னிப்பு என்று இத்தனை நாளும் எடுத்துக்கொண்டது நான்தான். அவர் கொடுத்தது ஒன்று. என் இஷ்டத்துக்கு ஒரு விலை போட்டு அதை நான் வேறொன்றாக மாற்றிக்கொண்டேன்.

வாசலில் நின்ற நித்யா, "அவர் என்னப்பா சொன்னார்?" என்று கேட்டாள்.

"அவருக்குக் கேக்கலம்மா" என்றேன்.

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். பெரியப்பாவிலிருந்து ஆரம்பித்து, அன்றைக்குச் சிரித்த ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போக வேண்டும். எல்லாருக்கும் முன்னால் பஸ் ஷெட்டுக்குப் போக வேண்டும். நேருக்கு நேர் நின்றால் என் வலது கை அவருடைய இடது காதுப் பக்கம்தான் வரும். அதனால் சுற்றிக்கொண்டு போய், அவருடைய வலது பக்கத்தில் நிற்பேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மறுபடியும் சுற்றிப் போய் நிற்பேன்.